சிவப்பாக இருப்பதெல்லாம் காக்சினியா அல்ல

"பிரிட்டன் காட்டில் குளிர்கால முடிவில் குச்சியில் முளைக்கும் செக்கச்செவேல் கிண்ணப் பூஞ்சை என்றால் சார்கோசைஃபா காக்சினியாதான், போட்டோவே போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போதாது. அதே காட்டில், அதே மாதத்தில், அதே நிறத்தில் சார்கோசைஃபா ஆஸ்ட்ரியாக்காவும் முளைக்கிறது. பழைய கையேடுகள் இரண்டையும் ஒரே பெயரில் போட்டதால் வந்த வினை இது. 1984இல் பூஞ்சை ஆய்வாளர் ஹான்ஸ்-ஓட்டோ பரால் வித்தியாசங்களை விரிவாக எழுதிய பிறகும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. நானும் அப்படித்தான் பல நாள் பெயர் எழுதி வைத்திருந்தேன்.

கிண்ணத்தின் வெளிப்புறத்தைப் பாருங்கள். வெளிறித் தெரியும் பூனைமயிரை பிளேடால் துளி சீவி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, மைக்ரோஸ்கோப்பில் 400 மடங்கில் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். ஆஸ்ட்ரியாக்கா என்றால் மயிர்கள் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு முறுக்கிக் கிடக்கும். காக்சினியாவில் நேராகவோ லேசாக வளைந்தோ இருக்கும். அப்புறம் ஸ்போர் (பூஞ்சையின் விதை போன்ற நுண்துகள்): ஆஸ்ட்ரியாக்காவில் முனை பெரும்பாலும் மொண்ணை, காக்சினியாவில் உருண்டை. உள்ளிருக்கும் எண்ணெய்த் துளிகளும் உதவும், ஆனால் மாதிரி காய்ந்தால் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும். ஈரப் பாசியோடு டப்பாவில் கொண்டுவந்து அன்றைக்கே பாருங்கள்.

"மண்ணில் முளைத்தது, அதனால் வேறு இனம்" என்பதும் சரியில்லை. விரலால் கிளறுங்கள், அடியில் மக்கிய குச்சி இருக்கும்.

மைக்ரோஸ்கோப் இல்லையா? சார்கோசைஃபா என்று பேரினப் பெயரை மட்டும் எழுதுங்கள்.