செப்டிக் டேங்கையும் படத்தில் சேருங்கள்

குடிநீர், கழிவுநீர்க் குழாய்களின் வரைபடத்தை நாடு முழுக்க எல்லாத் துறைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். ஆறு, அணை, நிலத்தடி நீர்மட்டம் எல்லாம் மத்திய அரசின் நீர்வளத் தகவல் தளமான இந்தியா-டபிள்யூஆர்ஐஎஸ்-இல் ஏற்கெனவே கிடைக்கின்றன. தெருவுக்கு அடியில் என்ன ஓடுகிறது என்பதுதான் தெரிவதில்லை. தோண்டும் முன் தகவல் சொல்ல 2023-இல் ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலி வந்தது. குழாய் போட்ட துறையிடமே சரியான படம் இல்லையென்றால் செயலி என்ன செய்யும்?

ஆழமும் பதிவாக வேண்டும். சாக்கடை சரிவில் ஓடுவது. கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எல்லோரும் ஒரே கணக்கில் குறிக்காவிட்டால், இரண்டு துறைகளின் படத்தைச் சேர்த்துப் பார்த்தும் பயனில்லை. குடிநீர் விட்டுவிட்டு வரும் ஊர்களில், அழுத்தம் இல்லாத நேரம் விரிசல் வழியாகக் கழிவுநீர் உள்ளே புகும். இரண்டு குழாய்களும் குறுக்கிடும் இடங்கள் தெரிந்தால் எங்கே முதலில் சோதிப்பது என்றாவது தெரியும்.

அப்புறம், கட்டுரை செப்டிக் டேங்கைத் தொடவே இல்லை. 2011 கணக்கெடுப்பில் நகர்ப்புற வீடுகளில் சுமார் 33 சதவீதத்துக்குத்தான் குழாய்ச் சாக்கடை. செப்டிக் டேங்க் 38 சதவீதம். டேங்கின் கசிவு கிணற்று நீரில் கலக்கலாம்; அதனால் ஆழ்துளைக் கிணற்றோடு செப்டிக் டேங்கும் ஒரே படத்தில் வரட்டும். பாதுகாப்பு கருதி, பிரதான குடிநீர்க் குழாய் விவரம் துறைகளுக்குள் இருந்தால் போதும். செப்டிக் டேங்கைக் காலி செய்யும் கழிவுநீர் லாரி எங்கே கொட்டியது என்பதை மட்டும் மக்களும் பார்க்கும்படி வையுங்கள்.