பத்து நிமிடம் ஓடும் பங்க் பாட்டு

அமெரிக்க ராக் குழுவான நிர்வாணா பாடிய 'டி-7' அவர்களுடைய சொந்தப் பாட்டு என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். அது வைப்பர்ஸ் என்ற குழுவுடையது என்று தெரிந்து தேடிப் போனதில் சிக்கியது, 1981-இல் வந்த அவர்களின் 'யூத் ஆஃப் அமெரிக்கா' ஆல்பம். ஒரு வாரமாக வேறு எதிலும் காது ஒட்டவில்லை.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம், போர்ட்லேண்ட் நகரத்துக் குழு. பாட்டு, குரல், கிட்டார் எல்லாம் கிரெக் சேஜ். பங்க் என்ற வேகமான, முரட்டு ராக் இசை என்றால் இரண்டு நிமிடத்தில் அடித்து முடித்துவிட வேண்டும் என்பது அந்தக் காலத்தின் எழுதாத சட்டம். ரமோன்ஸ் என்ற பங்க் குழுவின் முதல் ஆல்பத்தில் 29 நிமிடத்துக்கு 14 பாட்டு. இந்த ஆல்பமும் கிட்டத்தட்ட அரை மணி நேரம்தான், ஆனால் மொத்தமே 6 பாட்டு. தலைப்புப் பாட்டு மட்டும் பத்து நிமிடத்தைத் தாண்டுகிறது. சேஜ் இதை வேண்டுமென்றேதான் செய்தார்.

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும். பேஸும் டிரம்ஸும் ராத்திரி ரயில் மாதிரி ஒரே வேகத்தில் ஓடுகின்றன. நடுவில் பாட்டே கலைந்துபோகிறது. கிட்டார் ஊளையிடுகிறது, குரல் எங்கோ தூரத்தில் முனகுகிறது. அவ்வளவுதான் என்று நினைக்கும்போது அதே ரிஃப், அந்தக் கிட்டார் துணுக்கு, திரும்பி வருகிறது. முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கோபம் இவ்வளவு நேரம் தணியாமல் எரியும் இன்னொரு பாட்டை நான் கேட்டதில்லை.

சேஜ் சிறுவயதிலேயே வீட்டில் இருந்த இயந்திரத்தில் இசைத்தட்டு வெட்டிப் பழகியவர். தட்டின் வரிப்பள்ளங்களை நுண்ணோக்கியில் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பாராம். பேட்டியும் வேண்டாம், ஊர் ஊராகக் கச்சேரியும் வேண்டாம், ஆல்பங்கள் மட்டும் போதும் என்பதுதான் அவருடைய ஆசை. ஒலி மீதான இந்த அக்கறை அங்கிருந்து வந்தது என்று நம்புகிறேன்.

எங்கே பார்த்தாலும் 'கர்ட் கோபேனுக்குப் பிடித்த குழு' என்றே இவர்களை அறிமுகப்படுத்துகிறார்கள். நிர்வாணாவின் பாடகரான கோபேன் தனக்குப் பிடித்த 50 ஆல்பங்களின் பட்டியலில் இவர்களுடைய ஆல்பங்கள் மூன்றை எழுதிவைத்தார், உண்மைதான். நானும் அந்த வழியாக வந்தவன்தான். ஆனாலும் வாசலிலேயே நின்று வாசலைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது சேஜுக்குச் செய்யும் அநியாயம்.

முதலில் இந்த ஆல்பத்தில் உள்ள 'வென் இட்ஸ் ஓவர்' பாட்டைக் கேளுங்கள். வெகுநேரம் குரலே வராது. தள்ளிவிடாமல் பொறுத்திருங்கள். ஹெட்ஃபோன் அவசியம்.