பக்கத்து சீட்டில் இருந்தவர்கள்

1903 பாரிஸ்–மாட்ரிட் கார் பந்தயத்தைப் பற்றி எங்கே படித்தாலும் மார்செல் ரெனோவில் ஆரம்பித்து அவரிலேயே முடித்துவிடுகிறார்கள். ரெனோ கம்பெனியைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவர். முந்தைய ஆண்டுதான் பாரிஸ்–வியன்னா பந்தயத்தில் ஒரு சின்ன காரை வைத்துக்கொண்டு பெரிய கார்களையெல்லாம் தோற்கடித்தவர். இந்தப் பந்தயத்தில் அடிபட்டுச் சாகும்போது வயது 31. பேசத்தான் செய்வார்கள், தப்பில்லை. ஆனால் அந்தப் பந்தயத்தில் செத்தவர்களில் ஸ்டியரிங்கையே தொடாத ஆட்கள் இத்தனை பேர் இருக்க, அவர்கள் பெயரை யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல்.

மே 24, ஞாயிற்றுக்கிழமை. விடியும் முன்பே வெர்சாய் நகரிலிருந்து நிமிஷத்துக்கு ஒன்று என்று கார்களை விட ஆரம்பித்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட வண்டிகள். மொத்த தூரம் சுமார் 1,300 கி.மீ., முதல் கட்டம் போர்தோ நகரம் வரை 552 கி.மீ. எல்லாமே ஊர்களுக்கு நடுவே போகிற சாதாரண சாலை, தார் போடாதது. மழையும் இல்லை. முன்னால் போகிற கார் கிளப்பிய புழுதியில் பாதையே தெரியாமல், சாலையோர மரங்களின் உச்சியைப் பார்த்து வளைவு எங்கே என்று கணக்குப்போட்டு ஓட்டியிருக்கிறார்கள். பெரிய கார்களுக்கு எடை உச்சவரம்பு ஆயிரம் கிலோ. அதற்குள் எவ்வளவு பெரிய எஞ்சினைத் திணிக்க முடியுமோ அவ்வளவையும் திணித்து, மிச்சம் பிடிக்க சட்டகத்தை இளைக்கவைத்தார்கள். பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும். இப்படிப்பட்ட வண்டியில் மார்செலின் தம்பி லூயி 140 கி.மீ. வேகத்தைத் தொட்டார்!

கூட்டமோ லட்சக்கணக்கில். ரேக்ளா பந்தயம் பார்த்தவர்களுக்கு இது புரியும்: மாடு கிட்டே வரும்வரை ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டு, கடைசி நொடியில் விலகுவது. அங்கேயும் அதேதான் நடந்தது. ஆனால் குதிரை வண்டியை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு 140 என்றால் எவ்வளவு சீக்கிரம் வந்து சேரும் என்று எப்படித் தெரியும்? ஜனங்களைத் திட்டுவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

அந்தக் காலத்துப் பந்தயக் காரில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருப்பார். கை பம்பால் எண்ணெய் அடிப்பது, டயரைக் கவனிப்பது, பின்னால் யாராவது முந்த வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பது, வண்டி நின்றால் குதித்து இறங்கிச் சரிசெய்வது எல்லாம் அவர் வேலை. சீட் பெல்ட் கிடையாது, கதவு கிடையாது. வேகத்தைக் குறைக்கலாமா வேண்டாமா என்கிற முடிவும் அவர் கையில் கிடையாது.

லொரேன் பாரோ ஓட்டிய தெ தீத்ரிக் கார் நாயில் மோதி, அதே வேகத்தில் மரத்தில் போய் அடித்தது. மெக்கானிக் பியர் ரோதே அந்த இடத்திலேயே போய்விட்டார். பாரோ பிறகு இறந்தார். போன்வால் ரயில்வே கேட் அருகே லெஸ்லி போர்ட்டரின் வுல்ஸ்லி கார் ஒரு வீட்டுச் சுவரில் மோதித் தீப்பிடித்தது. மெக்கானிக் நிக்சன் இறந்தார், போர்ட்டர் பிழைத்தார். அங்குலேமில் டூரான் என்ற டிரைவர் குறுக்கே வந்த குழந்தைக்காக வண்டியை ஒடிக்க, அது கூட்டத்துக்குள் புகுந்தது. ஒரு ராணுவ வீரரும் மெக்கானிக் நோர்மானும் இறந்தவர்களில் அடக்கம். மார்செல், கூவே-வேராக் அருகே புழுதிக்குள் இன்னொரு காரை முந்தப் போய்ச் சாலையோரப் பள்ளத்தில் சிக்கினார். இரண்டு நாள் கழித்து உயிர் பிரிந்தது. அவர் மெக்கானிக் காயத்தோடு தப்பினார்.

அன்றைக்கு மனுஷத்தனமாக நடந்துகொண்டவர் என்று நான் சொல்வது கமில் து காஸ்டைத்தான். பந்தயத்தில் இருந்த ஒரே பெண் டிரைவர். விபத்தில் சிக்கிக் கிடந்த சக போட்டியாளர் ஸ்டெட்டுக்காகக் காரை நிறுத்தி இறங்கி, உதவி வரும்வரை கூடவே இருந்தார். இதற்குப் பரிசாக அடுத்த ஆண்டு என்ன கிடைத்தது தெரியுமா? பெண்கள் பந்தயத்தில் ஓட்டக்கூடாது என்று தடை.

அரசாங்கத்துக்கு இதெல்லாம் தெரியாததா? 1901 பாரிஸ்–பெர்லின் பந்தயத்தில் ஒரு சிறுவன் அடிபட்டு இறந்திருக்கிறான். அப்போதே இந்தப் பந்தயங்களுக்குத் தடை என்றார்கள். அப்புறம் கார் தொழில், ஏற்றுமதி, நாட்டின் பெருமை என்று பேச்சு கிளம்பியதும் பிரெஞ்சுப் பிரதமர் எமில் கோம்பின் அரசு அனுமதி கொடுத்தது. எட்டுப் பேர் இறந்ததாகப் பரவலாகச் சொல்லப்படும் அந்த முதல் கட்டத்துக்குப் பிறகு அதே அரசு போர்தோவிலேயே பந்தயத்தை நிறுத்தியது. எஞ்சினைக் கிளப்பவே கூடாது என்று சொல்லி, கார்களைக் குதிரை பூட்டி ஸ்டேஷனுக்கு இழுத்துப்போய் ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். வீராப்பெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான்.

ஜெயித்தவர் மோர்ஸ் காரில் வந்த ஃபெர்னான் காப்ரியேல். 552 கி.மீ. தூரத்தை 5 மணி 14 நிமிஷத்தில் கடந்தார், சராசரி 105 கி.மீ. அந்தப் புழுதியில், முன்னால் போன எத்தனையோ பேரைத் தாண்டி! அசுர ஓட்டம். பாவம், அவரையும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

மெக்கானிக்குகளும் விரும்பித்தானே ஏறினார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். ஏறினார்கள்தான். லூயி ரெனோவின் மெக்கானிக்காக இருந்த ஃபெரென்ஸ் சிஸ், 1906இல் லெ மான் பக்கம் நடந்த முதல் பிரெஞ்சு கிராண்ட் பிரி பந்தயத்தில் தானே ஓட்டி ஜெயித்தார். அந்த சீட் ஒரு ஏணி. ஆனால் ஏணியில் ஏறுகிறவன் ஆசைப்பட்டான் என்பதால் அதைச் சுவரில் சாய்த்தவன் பொறுப்பு போய்விடுமா?

ஊர்விட்டு ஊர் போகும் பந்தயங்களை பிரான்ஸில் அந்த ஒரு நாள் முடித்துவைத்தது. பிறகு மூடிய சுற்றுப்பாதைதான். ஆனால் கிராண்ட் பிரி கார்களிலிருந்து மெக்கானிக்கை இறக்கிவிட இன்னும் 22 வருஷம் ஆனது. அதுவும், 1924இல் ஸ்பெயினின் சான் செபஸ்தியானில் நடந்த பந்தயத்தில் கெனெல்ம் லீ கின்னஸ் என்ற டிரைவரின் மெக்கானிக் தாமஸ் பாரட் செத்த பிறகு.