பூஜ்யத்தை முழுங்கியது உங்க எக்ஸல், திட்டு வாங்குறது பிள்ளைகளா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் உதவித்தொகைக்குப் பட்டியல் எடுக்கிற சங்கங்களில் வருஷா வருஷம் இதே கூத்து. 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் ஐடி நம்பரை எக்ஸல் வெறும் எண்ணாக எடுத்துக்கொள்வதால் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகும். அப்புறம் "உங்க நம்பர் தப்பு" என்று அந்தப் பிள்ளைக்கே மெசேஜ் போகும்!

தென்னாப்பிரிக்க ஐடி 13 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி (ஆண்டு, மாதம், நாள், இரண்டிரண்டு இலக்கமாக), அடுத்த நாலில் 5000-க்குக் கீழே என்றால் பெண், 5000-உம் அதற்கு மேலும் ஆண். பிறகு குடியுரிமைக்கு ஒன்று, பெரும்பாலும் 8 ஆக வரும் ஒன்று, கடைசியில், நம்பரைத் தப்பாகத் தட்டினால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு இலக்கம். இதை யார் கூட்டிப் பெருக்கப் போகிறார்கள்? பகா எண்ணா, பகு எண்ணா என்று யாருக்கு வேண்டும்? அப்புறம் எதற்கய்யா இதை எண்ணாகச் சேமிக்கிறீர்கள்?

அந்தச் சரிபார்ப்பு இலக்கம் எப்படி வருகிறது என்று பார்க்க, நம்பர் 0302304321086 என்று வையுங்கள். (பிப்ரவரி 30 என்பதால் இது யாருடைய நம்பரும் இல்லை.) கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு இடமிருந்து எண்ணினால், ஒற்றைப்படை இடத்து இலக்கங்கள் 0, 0, 3, 4, 2, 0, கூட்டினால் 9. இரட்டைப்படை இடத்தவை 3, 2, 0, 3, 1, 8. இரட்டித்தால் 6, 4, 0, 6, 2, 16. அந்த 16-ஐ 1+6=7 ஆக்கிக் கூட்டினால் 25. மொத்தம் 34, அடுத்த பத்துக்கு 6 குறைகிறது. கடைசி இலக்கம் 6, சரி.

ஐபிஎம்-மில் இருந்த லூன் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இது. வலமிருந்து கணக்கிட்டால் முன் பூஜ்யம் போனாலும் விடை மாறாது, அதனால் 12 இலக்கக் குறை நம்பரும் ஜம்மென்று தேறிவிடும். முதலில் நீளத்தைப் பாருங்கள்! இன்னொரு ஓட்டை: பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் லூன் முறை பிடித்துவிடும், 09-உம் 90-உம் மட்டும் தப்பிக்கும். 2009-இல் பிறந்த பிள்ளையின் ஆண்டை 90 என்று தட்டினால் 1990-இல் பிறந்தவராகிவிடுவார், தேதியும் செல்லும், கணக்கும் செல்லும். 22-ஐ 55 என்று தட்டினாலும் கணக்கு பிடிக்காது.

இதைவிடக் கொடுமை, எக்ஸல் அந்தக் குறை நம்பரை 3.02304E+11 என்று சுருக்கிக் காட்டும்போது சிஎஸ்வி-யாக (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) சேமிப்பது. திரும்பத் திறந்தால் 302304000000. பின்பாதி போயே போச்சு, எந்த ஃபார்முலாவும் மீட்காது.

தட்டுவதற்கு முன்பே ஐடி நம்பர் வரும் நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். வெறும் பூஜ்யம் மட்டும் போயிருந்தால் டெக்ஸ்ட் ஃபார்முலாவில் வடிவமாக 13 பூஜ்யம் கொடுத்து மீட்கலாம். சிஎஸ்வி வந்தால் இரட்டைக் கிளிக் செய்யாமல் டேட்டா மெனு வழியாக, அந்த நெடுவரிசை 'டெக்ஸ்ட்' என்று குறித்து இறக்குங்கள். இவ்வளவும் பார்த்த பிறகு பிள்ளைக்கு மெசேஜ் போடுங்கள்.