போஸா இருந்தப்பவே ஓட்டை இருந்துச்சு ப்ரோ
ப்ரோ, அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் பத்தி, "2018ல நிக் போஸா (டிஃபென்சிவ் எண்ட், அதாவது டிஃபென்ஸ் முன்வரிசையோட ஓரத்துல நிக்கிறவர்) காயமாகி வெளிய போனதுக்கு அப்புறம்தான் ஒஹாயோ ஸ்டேட் டிஃபென்ஸ் சரிஞ்சுது, அதனாலதான் மிச்சிகன் மேட்சுக்கு முந்தின வாரம் மேரிலேண்ட் கிட்ட 51 பாயிண்ட் வாங்கினாங்க"ன்னு எழுதிருக்கீங்க, அது சரியில்ல. முதல் மேட்ச் ஞாபகம் இருக்கா, 77-31னு ஜெயிச்சது, அந்த ஓரெகன் ஸ்டேட்டோட ஆர்டேவிஸ் பியர்ஸ் 80 யார்டு ஒண்ணு 78 யார்டு ஒண்ணுன்னு ரெண்டு தடவை ஓடி டச்டவுன் போட்டான், அப்போ போஸா டீம்ல நல்லாத்தான் இருந்தார். செப்டம்பர் 15 டிசியூ (டெக்சஸ் கிறிஸ்டியன் யுனிவர்சிட்டி) மேட்ச்ல அவங்க டேரியஸ் ஆண்டர்சன் 93 யார்டு ஓடினது ரெண்டாவது குவார்ட்டர், போஸா அடிபட்டது மூணாவது குவார்ட்டர்லதான்!

போஸா இல்லாதது பெரிய இழப்பு, அத நான் மறுக்கவே இல்ல. ஆனா பந்தோட ஓடுறவன் முன்வரிசை லைன தாண்டிட்டா பின்னாடி பிடிக்க ஆள் இல்லங்கறதுதான் அந்த சீசன் முழுக்க இருந்த நோய், லைனுக்குப் பின்னாடி நிக்கிற லைன்பேக்கர்ஸ் தப்பான இடைவெளிக்குள்ள போயிடுவாங்க, கடைசியா நிக்கிற சேஃப்டி கோணம் தப்பா ஓடுவான், அவ்ளோதான், ஆள் எண்ட் ஸோன்ல நிப்பான். மேரிலேண்டோட மெக்ஃபார்லேண்ட் 81, 75னு ஓடினதும் அச்சு அசல் அதே மாதிரிதான். ஒரு டிஃபென்சிவ் எண்ட் வந்து அத எப்படிங்க சரி பண்ண முடியும்?

அப்புறம் அந்த 51ல ஓவர்டைம் 6ம் சேர்த்தி, அறுபது நிமிஷத்துல 45-45. மேரிலேண்ட் டச்டவுனுக்கு அப்புறம் ரெண்டு பாயிண்டுக்காகப் போட்ட பாஸ் தவறினதாலதான் ஒஹாயோ ஸ்டேட் 52-51னு தப்பிச்சாங்க. அடுத்த வாரம் மிச்சிகன 62-39னு அடிச்சப்பவும் 39 விட்டாங்கல்ல, ஜெயிக்க வச்சது குவார்ட்டர்பேக் ஹாஸ்கின்ஸோட ஆஃபென்ஸ்.