ஓய்வுபெற்ற படையினருக்கும் போதகருக்கும் தடை இல்லை

அண்ணா, கொழும்பு மாவட்ட வேட்பாளர் ஒருவரைப் பற்றி உங்கள் பதிவில "இராணுவத்தில இருந்தவர், அதிலும் பாஸ்டர்; சட்டப்படி பாராளுமன்றத் தேர்தல்ல நிற்க ஏலாது" என்று எழுதியிருக்கிறீங்கள். அது பிழை. இலங்கை அரசியலமைப்பின் 91ஆம் உறுப்புரை தடுப்பது முப்படைகளில் நிரந்தரச் சேவையில் இப்போதும் இருப்பவர்களைத்தான், விலகியவர்களை அல்ல. சரத் பொன்சேகா இராணுவத் தளபதியாகவே இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு, 2010இல் இதே கொழும்பு மாவட்டத்தில்தானே வென்றார்? மதகுரு என்பதும் அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. 2004இல் ஜாதிக ஹெல உறுமய என்ற சிங்கள பௌத்தக் கட்சியின் 9 பிக்குகள் பாராளுமன்றம் போனதை மறந்துபோனீங்களா? காவி உடுத்தவருக்கு இல்லாத தடை அங்கி போட்டவருக்கு மட்டும் எங்கிருந்து வரும்? பிரசங்க மேடையில் நின்று வாக்குக் கேட்டால் நானே முதல் ஆளாய் எதிர்ப்பேன், அது வேறு விஷயம். வெள்ளவத்தையில இரண்டு பேர் உங்கள் பதிவை நம்பி என்னிடம் கேட்டுவிட்டார்கள். தயவுசெய்து திருத்திவிடுங்கோ.