தலை எண்ணிக் கல்லூரி தேடுவோருக்கு

ஞாயிற்றுக்கிழமை வழிகாட்டி நிகழ்ச்சியில் அந்தப் பேச்சாளர் சொன்னதைத்தான் எல்லாரும் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். இளநிலை வேதியியலில் சேர விரும்பும் பிள்ளை, துறையில் இருபது பேராசிரியர்களாவது இருக்கிறார்களா என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டுமாம். எண்ணத் தெரிந்தால் போதும் போலிருக்கிறது.

எதை எண்ணுவது என்றாவது சொன்னாரா? சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் கரிம, கனிம, இயற்பிய, பகுப்பாய்வு வேதியியல் யாவும் தனித்தனித் துறைகள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கரிம வேதியியல் ஒரு துறை; கனிமமும் இயற்பியமும் சேர்ந்து இன்னொன்று; வேதியியலாளர் சி.என்.ஆர். ராவ் 1976இல் தொடங்கிய திடநிலை வேதியியல் பிரிவு வேறு. ஒரு துறையின் பெயர்ப்பலகையை மட்டும் பார்ப்பவர் இவற்றையும் சிறியவை என்று ஒதுக்கிவிடுவார். மறுபக்கம், சில கல்லூரிகளின் நீண்ட பட்டியலில் பாதிப்பேர் சுயநிதிப் பிரிவினர். இன்னும் சிலர் இயற்பியல், விலங்கியல் மாணவர்களுக்கு அலைடு வகுப்பு, அதாவது துணைப்பாடமாக வேதியியல், எடுப்பதிலேயே களைத்துப்போனவர்கள். உங்கள் பிள்ளையின் ஆய்வக வகுப்பில் யார் நிற்பார், எவ்வளவு நேரம் நிற்பார் என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது.

நான் படித்ததும் சிறிய துறையில்தான். தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) சோதனையில் ஆக்ஸாலிக் அமிலத்தைச் சூடாக்காமலேயே ஊதா நிறப் பெர்மாங்கனேட்டை விட்டு, நிறம் போகவில்லையே என்று விழித்துக்கொண்டிருந்தபோது, ஆசிரியர் அருகில் வந்து நின்று, கடைசி ஒரு துளியில் இளஞ்சிவப்பு நிலைக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். பெரிய கல்லூரியில் சேர்ந்த என் நண்பனோ இருவருக்கு ஒரு பியூரெட் (கரைசலைத் துளித்துளியாக விடும் அளவுக்குழாய்) என்ற கணக்கில் மூன்றாண்டும் அளவு குறிப்பவனாகவே இருந்தான்.

பெரிய துறையில், மூலக்கூறுகளின் அமைப்பைக் கண்டறியும் என்எம்ஆர் கருவி இருக்குமே என்பீர்கள். இருக்கும், முதலாண்டு மாணவருக்கு அந்த அறையின் கதவைக் காட்டுவார்கள். ஆராய்ச்சிக்கு நெறியாளர்கள் பலர் வேண்டும் என்பது சரி, ஆனால் அந்தப் பேச்சாளர் பேசியது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளிடம்.

சிறிய துறையில் வேலை பார்ப்பதால்தான் எனக்கு எரிகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆம், எரிகிறது. சேர்க்கை பற்றி விசாரிக்க அழைத்த ஒரு தந்தை, பாடத்திட்டத்தையோ ஆய்வகத்தையோ கேட்காமல், "எத்தனை பேர் சார்?" என்று மட்டும் கேட்டார். ஏழு என்றதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். நாங்கள் ஏழு பேராக இருக்க விரும்பி இருக்கவில்லை. ஓய்வுபெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படாமல் கிடக்க, அவர்களுடைய வகுப்புகளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருக்கிறோம். இத்தனை பெரிய மேடையும் ஒலிபெருக்கியும் கிடைத்த அந்தப் பேச்சாளர், அந்த இடங்களை நிரப்பச் சொல்லி ஒரு வரியாவது பேசியிருக்கலாமே.